கூறை என் அலுமாரியில் இருந்தது

நான் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அந்தப் பொய்யால் என் தம்பி சீலனின் மனைவிக்கு விசா மறுக்கப்பட்டது.

எல்லோரும் அதை அறியாமற் செய்த பிழை என்கிறார்கள். நீங்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

சீலன் கொழும்புக்குப் போய்க் கௌசியைப் பதிவுத் திருமணம் செய்தான். எங்கள் பேச்சில் அதற்கு ‘எழுத்து’ என்று பெயர். அவளுடைய தகப்பன் வன்னியில் இறந்து ஆண்டுத் திவசம் முடியாததால் வேறு சடங்கு எதுவும் வைக்கவில்லை. அவள் சிட்னிக்கு வந்தபின் கோயிலில் தாலி கட்டுவதென்று பேசி முடித்தோம். எழுத்தோடு நிற்கிற பெண்ணைக் கலியாணம் ஆனவள் என்று எங்கள் வீடுகளில் சொல்வதில்லை. அந்த வழக்கம்தான் பின்னர் நான் ஒளிந்துகொள்ள இடம் தந்தது.

விசா அதிகாரி தொலைபேசியில் அழைத்தபோது வென்ட்வேர்த்வில் வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவனுக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அதுவரை வழக்கம் பேசியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்... சடங்கு ஏதும் ஏற்பாடாகியிருக்கிறதா என்று அடுத்துக் கேட்டாரே! “எனக்குத் தெரிய ஒன்றும் இல்லை. கையெழுத்து மட்டும்தான் வைத்தார்கள்” என்றேன்.

ஒன்றும் இல்லையாம்! ஹரிஸ் பார்க்கில் கடை கடையாக ஏறி இறங்கி தாலி கட்டும் நாளுக்கென்று நானே அவளுக்கு வாங்கிய கூறைச்சேலை அந்த நேரம் என் அலுமாரியில் இருந்தது.

ஏன் சொன்னேன்? என்னையே கேட்காத நாளில்லை. எனக்குக் கலியாணம் அமையவில்லை. சீலனை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, சமைத்துப் போட்டு, அவனைப் பார்த்துக்கொண்டே எனக்கு வயது போய்விட்டது. அதற்கு முதல் வாரம் கௌசி தொலைபேசியில், “மச்சாள், நான் வந்த பிறகு நீங்கள் குசினிப் பக்கமே வரத் தேவையில்லை. நான் பாத்துக்கொள்ளுறன்” என்றிருந்தாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ வயிறு எரிந்தது! என் வீட்டில் நான் விருந்தாளியா?

விசாவுக்காக மட்டும் வைத்த கையெழுத்து இது என்று, என் பதிலையே காட்டி மறுப்புக் கடிதம் வந்தது. அதை வாசித்துவிட்டுச் சீலன் என் முகத்தைப் பார்த்தான்.

“எழுத்துத்தானேடா முடிஞ்சது? தாலி கட்டாமல் கலியாணம் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? மற்றதெல்லாம் என்ரை இங்கிலீசு அவங்களுக்கு விளங்கேல்லை” என்று அழுதேன்.

அவன் நம்பினான். நம்பிவிட்டானே...

சீலன் முறையிட்டபோது மறுபரிசீலனைத் தீர்ப்பாயம் என்னை நேரில் வந்து விளக்கச் சொன்னது. வர முடியாவிட்டால் எழுதியாவது தாருங்கள் என்றது. நான் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன். சீலன் இஞ்சி போட்டுக் கோப்பி ஊற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தனியே போனான். நான் எழுதியும் கொடுக்கவில்லை. தீர்ப்பாயமும் மறுத்தது.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குள் கௌசியின் குரல் தேய்ந்துவிட்டது. எப்போது வருவேன் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பரமட்டாவில் எங்கள் வழக்கைப் பார்த்த தமிழ்நாட்டுச் சட்டத்தரணிப் பெண்ணிடம் போனேன். ஒருவர் இப்போது வந்து உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிக் கேட்பது போல் கேட்டேன்.

“இல்லீங்க அக்கா, கோர்ட்ல அதை எடுக்க மாட்டாங்க. ட்ரிப்யூனல் சட்டப்படி நடந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் ஜட்ஜ் பார்ப்பார். அதெல்லாம் அங்கேயே வந்து சொல்லியிருக்கணும்” என்றாள்.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு நிம்மதியாக இருந்தது! இனிச் சொல்லிப் பயனில்லை, ஆகவே சொல்லத் தேவையில்லை... சீ, என்ன பிறவி நான்!

நகரத்து நீதிமன்றத்தில் சீலனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். தன் முன் இருந்த சாட்சியத்தை நம்பத் தீர்ப்பாயத்துக்கு உரிமை இருந்தது, சட்டப் பிழை ஏதும் இல்லை என்று நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். சாட்சியம் என்று அவர் சொன்னது என் வாயிலிருந்து வந்ததைத்தான்.

திரும்பும் ரயிலில் சீலன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அழாதேங்கோ அக்கா. நீங்கள் எங்கட முறையைத்தானே சொன்னனீங்கள். ஆர் உங்களைப் பிழை சொல்லுவினம்?” என்றான். புதிதாக விண்ணப்பிக்கலாமாம். இந்த முறை நான் வந்து விளக்கினால் போதுமாம். வீட்டுக்கு வந்ததும் கௌசிக்கு அழைத்துத் தொலைபேசியை என்னிடம் தந்தான்.

அவள் அழவில்லை. “மச்சாள், மனம் நோகாதேங்கோ” என்றாள். பிறகு, “அந்தக் கூறையை ஒரே மடிப்பிலை விடாதேங்கோ, பட்டு மடிப்பிலை கிழிஞ்சிடும். இடைக்கிடை மாத்தி மடிச்சு வையுங்கோ, என்ன?” என்றாள்.

“ஓம்” என்றேன். சீலன் எதிரேதான் இருந்தான்.

இன்று காலையும் அதை எடுத்து, விரித்து, மாற்றி மடித்து வைத்தேன். அடுத்த அறையில் அவன் புதிய விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். “அக்கா, இந்த முறை நீங்கள் வந்து சொல்லுவியள்தானே?” என்று கேட்டான்.

அலுமாரிக் கதவைச் சாத்தினேன். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.