காளான் பொடி படிந்த முகம்

ரப்பர் மரத்தூளைக் கவரில் அமுக்கி நிறைப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் வேலை. இப்போதும் கை அதில்தான் இருக்கிறது, நினைப்பு மட்டும் எங்கேயோ போகிறது. வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் மருந்துக் காளான் வளர்க்கிறேன். அதைக் காயவைத்து, சீவி, வேகவைத்து வடித்த சாற்றைத் தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து முகக் கிரீம் ஆக்குவேன். எனக்கோ பிள்ளை பெற்ற பிறகு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாய் மங்கு. இந்த முகத்தோடு முகக் கிரீம் விற்கிற கஷ்டம், என்னைப்போலக் கூச்சத்தில் வாய் திறக்காத அக்காமாரே, உங்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

குழம்புக்கு ஆகாது

காளான் விரியும் நாட்களில் கொட்டகைக்குள் மேகம் இறங்கினதுபோல ஈரம் நிற்கும். அரக்கு பூசின சிவப்பில், ஓரம் மட்டும் வெண்ணெய் நிறத்தில், கவர் வாய்களில் மெல்ல விரிந்து வரும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நிற்பேன். அடுப்பில் சோறு குழைவதுகூடத் தெரியாது. ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி வந்து, நான் வாய் திறப்பதற்குள் நாலைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் சட்டியோடு வந்தாள். "ஏட்டி, மூணு மணிக்கூர் அவிச்சாச்சு. இது காளானா, கதவுப் பலகையா?"

முதல் பத்து டப்பா

இந்த மழைக்காலத்துக்குள் ஒரு கடையாவது பிடிக்காவிட்டால் கொட்டகையில் ரப்பர் ஷீட் காயப்போடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மார்த்தாண்டத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அக்காவிடம் பத்து டப்பா கிரீமோடு போனேன். டப்பாவை அவள் திறக்கவேயில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். "மொதல்ல ஒனக்க மங்கு மாறட்டு மக்கா, பொறவு டப்பாவக் கொண்டா."

மீன்காரி கை

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்கு ஐஸிலும் உப்பிலும் கிடந்து விரலெல்லாம் வெடிப்பு. முகத்துக்கென்று வேறொரு டப்பா கொடுத்தேன். அவள் முகத்தை விட்டுவிட்டுக் கையில் தேய்த்தாள். இரண்டு வாரம் கழித்து, சாளை மீனை நிறுத்துப் போட்ட கையை என் முன்னால் விரித்துக் காட்டினாள். "எரிச்சல் அடங்கிட்டு பிள்ளே. இதப் போயி மொகத்துல பூசச் சொல்லுதியே!"

பொடி

முற்றின காளானிலிருந்து செம்பழுப்பாய் ஒரு பொடி உதிரும். புகையைவிட மெலிசு. ஓலையில், பிள்ளையின் கண் இமையில், சத்தமில்லாமல் வந்து படியும். அப்படியொரு அறுப்பு நாளில், கண்ணாடி பார்க்கக்கூட நேரமில்லாமல், கைக்கென்றாவது வாங்குவாளா என்று அந்தப் பத்து டப்பாவோடு பஸ் பிடித்து மறுபடி பார்லருக்குப் போனேன். அக்கா என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "மங்கு போயாச்சே! எல்லா டப்பாவையும் எடு" என்றாள். எதிர்க் கண்ணாடியில் பார்த்து நானே மயங்கிப்போனேன். கன்னம் இரண்டும் ஒரே நிறம், கனவில் வருகிற யாரோபோல.

சும்மா இருப்பது எனக்குப் பழகின வேலைதான். பத்து டப்பாவையும் மேஜையில் எடுத்து வைத்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். மங்கு அங்கேயேதான் இருந்தது. "காளான் பொடி அக்கா, அதுதான் மூடியிருந்தது. கிரீம் மங்குக்கு ஆகாது, வெடிப்புக் கைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டேன். அவள் தன் கையைப் பார்த்தாள். தலைச்சாயம் பட்டுப் பட்டு விரல் நுனி உரிந்திருந்தது. ஒரு டப்பாவைத் திறந்து மெல்லத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "பத்தும் இங்க இருக்கட்டு, கைக்குன்னே விக்கேன். அந்தப் பொடியிலயும் கொஞ்சம் கொண்டாட்டி, மொகத்துக்கு அதுதான் கொள்ளாம், நல்லா மூடுது."

ஆக, முகத்துக்கென்று செய்த கிரீம் யார் யார் கையையோ பிடித்துக் கொட்டகையைக் காப்பாற்றிவிட்டது, மங்கைப் பற்றி யாராவது கேட்டால் நானும் இப்போதெல்லாம் முந்தானையை இழுத்து மூடாமல் நிமிர்ந்து நின்று, "அது எனக்க மங்குதான், அதுக்கென்ன—"

"அம்மோ!" கொட்டகைக்குள்ளிருந்து பிள்ளை கூப்பிடுகிறாள், இனி அவள் முகம் என்ன நிறத்தில் இருக்கிறதோ, போய்ப் பார்க்கிறேன்.