சுவருக்குள் போன அம்பு

எனக்கு எழுத்து தெரியாது. நான் வாயால் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் கேட்டுத் தானே எழுதிக்கொள்கிறது. நான் இருமினால் மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் திகைத்து நிற்கும். கொச்சையாக விழுந்ததை எல்லாம் மருமகள் அச்சுத் தமிழுக்கு மாற்றித் தருகிறாள். பேசினவர்கள் பேச்சை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. கடைக் கணக்கை மருமகள் வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் போடுகிறாள். அதற்காக மேசை மேல் இரண்டு திரைகள். சின்னத் திரை கணக்குக்கு. பெரிய திரை, கண் மங்கிய எனக்காக மகன் வாங்கிப் போட்டது. கடல் கடந்து குளிர் தேசத்தில் இருக்கும் என் மகள் அதில்தான் வந்து பேசுவாள்.

காலையில் காப்பி டம்ளரோடு நான் முதலில் போய் நிற்பது அந்தப் பெரிய திரைக்கு முன்னால்தான். மருமகள் அதை எழுப்பியதும் ஒரு படம் வரும். நேற்று வந்த படம் இன்று வராது. ஒரு நாள் பனிமலை, ஒரு நாள் ஊதாப் பூ பூத்த காடு, ஒரு நாள் ஆளே இல்லாத கடற்கரை. யார் இவற்றை அனுப்பி வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. "இன்னைக்கு எந்த ஊருக்குத்தே போறீக?" என்று மருமகள் கேலி செய்வாள். நான் போய்விட்டுத்தான் வருவேன். காப்பி ஆறிப்போகிற வரைக்கும் அந்தப் பனியில் நின்றிருக்கிறேன். வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடக்கும், எனக்கு உள்ளங்கால் சில்லென்று இருக்கும். சாயங்காலமானால் அந்தத் திரை, குளித்து மஞ்சள் பூசிக்கொண்ட பெண்பிள்ளை மாதிரி தானாக மஞ்சளாகிவிடும். கண் கூசாமல் இருக்க அப்படி ஒரு வசதி வைத்திருக்கிறார்களாம்.

எனக்கு எடுப்பாகத் தெரியட்டும் என்று மருமகள் அம்பையும் பெரிதாக்கிவிட்டாள். எலி மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து நகர்த்தினால் திரையில் நகருமே, அந்த அம்பு. நிறத்தையும் மாற்றலாம் என்றாள், கிளிப்பச்சை கேட்டேன். மகன் பார்த்துவிட்டு, "இது என்ன, வேட்டைக்குப் போற ஈட்டியா?" என்றான். அவனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, பேசுவான்.

அம்பை நகர்த்தவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். இடது, வலது என்றால் எனக்கு ஓடாது. எங்கள் பக்கத்தில் சோற்றுப் பானையைக்கூடக் கிழக்கே தள்ளி வை என்றுதான் சொல்வோம். வடக்குச் சுவரைப் பார்த்து, மேற்குச் சுவர் ஓரமாகப் போட்ட மேசை அது. "அத்தே, கூப்பிட்டா பெரிய ஸ்கிரீன்ல பச்சை வட்டம் வரும். அம்பை மேற்க தள்ளிக்கிட்டே போங்க. சின்ன ஸ்கிரீனத் தாண்டி பெரிய ஸ்கிரீனுக்குப் போயிரும். பச்சையில வச்சு ஒரு தட்டு." அவ்வளவுதான் பாடம்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பேரை முதன்முதலில் காதில் சொல்வது தாயைப் பெற்ற அம்மாச்சி. அதுவரை அந்தப் பேரை அம்மாச்சியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. மகள் தன் மனதில் இருந்ததை என் ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மகனுக்கும் மருமகளுக்கும்கூடத் தெரியாது. நான் எங்கே விமானம் ஏறுவது? கம்ப்யூட்டரிலேயே சொல்லிவிடலாம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள்.

"எம்மா, நம்ம ஊரு ராகு காலமா, இந்த ஊரு ராகு காலமா?" என்று மகள் கேட்டாள். அங்கே அப்போது மத்தியானம்கூட ஆகியிருக்காது.

"சொல்றவ எந்த ஊருல இருக்காளோ அந்த ஊரு ராகு காலம்தான்டி. தவறிப்போனா அப்புறம் அடுத்த நல்ல நாளு பாத்து, அதுவரைக்கும் பிள்ளைய 'ஏய் ஏய்'னுதான் கூப்பிடணும்."

அன்று காலை மகனும் மருமகளும் திருச்சுழியில் ஒரு வளைகாப்புக்குப் போனார்கள். கம்ப்யூட்டரை அணைக்காமல், மூன்று மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார்கள். நான் தனியாக இருந்து மேசையைத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் மனதில் பட்டது: பெரிய திரை மேற்குப் பக்கத்தில் இருக்கிறதே! பேர் வாங்கப்போகிற பிள்ளை சூரியன் மறைகிற திக்கிலா வந்து உதிப்பது? சின்னத் திரையை வயரோடு மேற்கே நகர்த்தினேன். பெரியதை மெல்லத் தள்ளிக் கிழக்கே வைத்தேன். ஒரு பொட்டுச் சந்தனம் கீழ்ச்சட்டத்தில் வைத்துவிட்டு, புதுச்சேலை கட்டி உட்கார்ந்தேன்.

மூன்று போய் நான்கும் ஆனது. அவர்கள் வரவில்லை. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். நாலு தாண்டியதும் கம்ப்யூட்டரில் மணி அடித்தது. பெரிய திரையில் பச்சை வட்டம் துள்ளியது. பெரிய திரைதான் இப்போது கிழக்கே இருக்கிறதே என்று அம்பைக் கிழக்கே தள்ளினேன். அது சின்னத் திரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி தள்ளினேன். வேலி தாண்டாத கன்றுக்குட்டி மாதிரி நிற்கிறது. மணி ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

என் பட்டன் போன் ஒலித்தது. மருமகள்.

"அத்தே, எடுங்கத்தே! உங்க மக கூப்பிட்டுக்கிட்டே இருக்காகளாம்."

"அம்பு போக மாட்டேங்குது தாயி. கிழக்க தள்ளித் தள்ளிப் பாக்கேன், முட்டிக்கிட்டு நிக்கிது."

"கிழக்கயா? பெரிய ஸ்கிரீனு மேற்கால்ல இருக்கு?"

"காலையில மாத்தி வச்சேன்."

பஸ்ஸுக்குள் இருக்கிற இரைச்சலுக்கு மேலே அவள் குரலை உயர்த்தினாள்.

"சரி, மாத்துனது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர்கிட்டச் சொன்னீகளா? அது இன்னும் பெரிய ஸ்கிரீனு மேற்கதான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. மேற்க தள்ளுங்க."

"மேற்க சுவருல்லடி இருக்கு!"

"சுவத்துக்குள்ள தள்ளுங்கத்தே!"

அவள் பக்கத்தில் யாரோ ஒரு பொம்பளை, "ஆத்தாடி, மாமியாளச் சுவத்துக்குள்ள தள்ளச் சொல்லுதா பாரு" என்று சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

நான் தள்ளினேன். மேற்கு ஓரத்துக்குப் போன அம்பு, மூக்கு மறைந்து, உடம்பு மறைந்து, சுவருக்குள் போயே போய்விட்டது. கையில் எலி மட்டும் இருக்கிறது. நிறுத்தாமல் தள்ளினேன். அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் உடம்பு காற்றில் மிதக்கிறது. சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பருத்திக் காடு, மல்லிக் காடு, கடல் எல்லாம் தாண்டிப் பச்சையாக அது பறந்து போவது எனக்குத் தெரிந்தது. என் மகள் வீட்டுப் பனிக் கூரையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு உலகத்தையே வளைத்துக்கொண்டு, பெரிய திரையின் கிழக்குக் கோடியில் மெல்ல மூக்கை நீட்டியது.

"வந்துருச்சுடி! கிழக்கயிருந்து வருது!"

"அப்படியே மேற்க வாங்க. பச்சையில தட்டுங்க."

தட்டினேன். மகள் முகம் வந்தது, அழுதிருப்பாள் போல. "எம்மா, நேரமாச்சும்மா, சொல்லு சொல்லு" என்று போனைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் காதோடு வைத்துவிட்டாள். திரை முழுக்க ஒரு காது. அரிசி புடைக்கிற சுளகு அகலத்துக்கு ஒரு காது. ஓரத்தில் பொன்னிறப் பூனைமுடி, நடுவே சங்கு மாதிரி சுழிந்து சுழிந்து உள்ளே போகிற வழி. அதற்குள் நான் நடந்தே போயிருப்பேன். வந்த வேலையே மறந்துவிட்டது.

"எம்மா! தூங்கிட்டியா?"

மூன்று தரம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். மூன்றாம் தரம் அந்தப் பெரிய காது திரையை விட்டு நழுவி, ஒரு கன்னம் வந்தது, ஒரு கண் வந்தது. அந்தக் கண் என்னைத்தான் பார்த்தது. பார்க்கவில்லை என்று மகள் சொல்கிறாள். சொல்லட்டும்.

மருமகள் தலையெல்லாம் புழுதியாக ஓடிவந்தபோது கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது.

"சொல்லியாச்சா? என்ன பேருத்தே?"

"ராகு காலம் வந்துருச்சு தாயி. ஆறு மணி ஆகட்டும்."

"அய்யோ, மொத எழுத்தாவது சொல்லுங்கத்தே!"

"எனக்கு எங்கிட்டு எழுத்து தெரியும்?"

மகன் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெல்லக்கட்டியை அதக்கிக்கொண்டவள் மாதிரி அந்தப் பேரை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அடுப்படிக்கும் வாசலுக்கும் ஆறு மணி வரைக்கும் சும்மா நடந்துகொண்டிருந்தேன்.