பனிக்குள்ளிருந்து திருத்திய குரல்

இன்று காலை சூரியநெல்லியில் தேயிலைக்காட்டுப் பாதை வழியே டூட்டிக்கு நடந்தேன். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி.

நெதர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக டச்சு படிக்கிறேன். அதில் இரண்டு சொற்களை ஒட்டி ஒன்றாக எழுதிவிடுவார்கள். எங்கே பிரிப்பது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நேற்றுப் படித்த ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "ஃபல்க்-அவ்ல்." ஃபல்க் என்றால் வல்லூறு, அவ்ல் என்றால் ஆந்தை. ஏதோ பறவை என்று நினைத்தேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், முதல் அசையை அழுத்தி, நிதானமாகத் திருத்தியது.

"ஃபல்-கவ்ல்."

அப்படிப் பிரித்தால், விழவைக்கும் குழி.

நின்றுவிட்டேன். அடுத்த அடியில் பாதை இல்லை. மழையில் சரிந்து போயிருந்தது.

"தேங்க்ஸ்!" என்று கத்தினேன்.

சுற்றி வந்து, டீக்கடை அண்ணனிடம் வெள்ளைக்காரர் யாராவது மேலே போனார்களா என்று கேட்டேன்.

"ரோடு அடச்சு மூணு நாளாச்சு பிள்ள. டூரிஸ்ட் ஒருத்தரும் வரலயே."

இந்தப் பக்கம் டச்சு பேசும் பெண் யாரையாவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நன்றி சொல்ல வேண்டும். அப்படி யாருமே இல்லை என்றால் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கும் எனக்குக் காலை டூட்டிதான்.