மல்லாந்த கரண்டி

ரொட்டியை அவர் முதலில் கேட்கிறார், பிறகுதான் தின்கிறார். வாட்டிய துண்டைக் காதருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மொறுக்கென்று உடைக்கிறார். பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிடுகிறது. சத்தம் திருப்தியாக இருந்தால் அவர் புருவம் ஒரு நூல் இறங்கும். இல்லையென்றால் சட்டைப்பையிலிருந்து கைப்பேசி வெளியே வரும். அது வெளியே வந்தால், சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் வெளிறும்.

காலைச் சாப்பாட்டுக்குத் தாமதமாகவும் மதியச் சாப்பாட்டுக்குச் சீக்கிரமாகவும் எழுந்திருக்கிறவர்களை நம்பி ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திறக்கிற உணவகம் அது. பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் செடி, அது நிஜமா என்று தொட்டுப் பார்க்க ஒரு வாடிக்கையாளர். முதலாளி முன்பு டயர் வியாபாரம் செய்தவர். பான்கேக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றளவு குறையக் கூடாது என்பதுதான். ஆகையால் நாக்கு என்ற ஒன்றை முறையாக வைத்திருக்கும் மனிதர் ஜன்னலோரம் நான்காம் மேசையில் வாராவாரம் வந்து உட்காருவதைத் தன் பூர்வஜென்மப் புண்ணியமாகவே எடுத்துக்கொண்டார். "பிஸ்கட் சார் வந்துட்டாரு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, தானே நாற்காலியைத் துடைப்பார்.

பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரம் பார்த்த நாக்கு அது. ஒரு கடி, பதினொரு மெல்லல், ஒரு துப்பல். அவர் தலையை ஆட்டினால் லாரி கிளம்பும். ஆட்டாவிட்டால் அன்றைய மாவெல்லாம் மாட்டுக்குப் போகும். ஓய்வு பெற்ற மறுநாள் தலையை யாருக்காக ஆட்டுவது என்று தெரியாமல் வீட்டுக் கூடத்தில் கொஞ்ச நேரம் சும்மா ஆட்டிப் பார்த்தார். பிறகு பேத்தி கைப்பேசியில் மதிப்புரை எழுதும் வித்தையைக் கற்றுக்கொடுத்தாள். அன்று முதல் ஊருக்கு நல்ல காலமும் உணவகங்களுக்குக் கெட்ட காலமும் பிறந்தன. இதுவரை இருநூற்றுப் பதினான்கு மதிப்புரைகள். எதற்கும் மூன்று நட்சத்திரத்துக்கு மேல் கிடையாது. "நாலு குடுத்தா தூங்கிடுவாங்க" என்பார்.

அந்த நட்சத்திரங்களில் பாதி நான்காம் மேசைக்குப் பரிமாறும் அம்மாளின் தலையில்தான் விழுந்திருக்கின்றன. நாற்பது வயது, வெள்ளை ரப்பர் செருப்பு, இரண்டு கையில் ஐந்து தட்டு எடுக்கிற சாமர்த்தியம். 'தண்ணீர், கேட்ட பிறகே வருகிறது. சிரிப்பில் அவசரம் தெரிகிறது' என்று ஒரு வாரம் எழுதினார். முதலாளி அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சமையலறைக் கதவில் ஒட்டினார். அவள் அதன் கீழ்தான் தினமும் எட்டு மணி நேரம் போய் வருகிறாள். "அவசரமா சிரிச்சாவது வைக்கிறேனே, அதுக்கு ஒண்ணு போடக் கூடாதா?" என்று பாத்திரம் கழுவுகிறவரிடம் கேட்டதோடு விட்டுவிட்டாள்.

இதில் சின்னச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பிஸ்கட் சாருக்கு ஏழு மாதமாக ருசி தெரியாது.

ஒரு காய்ச்சல் வந்தது, போயிற்று. போகும்போது மூக்கையும் நாக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. "வரலாம். வராமலும் போகலாம்" என்றார் டாக்டர், விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல. விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். மகளுக்குச் சொல்லவில்லை. பழைய அலுவலக நண்பர்களுக்குச் சொல்வதாவது. நாக்கு போய்விட்டது என்று தெரிந்தால் தான் வெறும் பென்ஷன்காரன் என்பது அவருக்குத் தெரியும். இனிமேல் எந்த நாற்காலியை யார் துடைப்பார்கள்?

அதனால் ஓர் ஏற்பாடு. அவர் என்ன கேட்கிறாரோ அதையே மனைவியும் கேட்பாள். முதல் வாய் அவளுடையது. அதன்பின் அவளுடைய தேக்கரண்டி பேசும். மல்லாந்து கிடந்தால் எல்லாம் சரி. கவிழ்ந்தால் உப்போ இனிப்போ குறைவு. தட்டுக்குக் குறுக்கே வைத்தால் தூக்கல். கரண்டியைப் பார்த்துக்கொண்டு அவர் பதினொரு முறை மென்று, "ம்ம். உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்" என்பார். சுற்றியிருப்பவர்கள் சிலிர்ப்பார்கள். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சமையல்காரர் சேர்ந்து மூன்றாம் நாள். பான்கேக் வந்தது. வெண்ணெய் உருக ஆரம்பித்தது. மனைவி முள்கரண்டியை எடுத்த நேரம் பார்த்து அவளுடைய தங்கை கூப்பிட்டாள். "இருங்க, தொடாதீங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியும் கையுமாக வாசலுக்குப் போனாள். தங்கை பேச ஆரம்பித்தால் வெண்ணெய் என்ன, தட்டே உருகிவிடும். பிஸ்கட் சார் எதிர்த் தட்டைப் பார்த்தார். தேக்கரண்டி மல்லாந்து கிடந்தது. பரிமாறும் அம்மாள் வைத்தபடியே கிடந்தது என்பது அவருக்கு உறைக்கவில்லை. சரி, ருசி பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். என்னவோ தாகம் மட்டும் எடுத்தது; மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார். தண்ணீர் கேட்காமலே வந்ததில் மனம் கொஞ்சம் இளகி, வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதினார்: 'இனிப்பு அளவோடு இருந்தது. கை தெரிந்த சமையல். நான்கு நட்சத்திரம்.'

எழுதி முடித்த நேரம் ஏழாம் மேசையில் ஒருவர் கைக்குட்டையில் துப்பினார்.

"என்னங்க இது, பான்கேக்கா கடல் தண்ணியா?"

ஒன்பதாம் மேசையிலும் தட்டு நகர்ந்தது. பரிமாறும் அம்மாள் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டாள், முகம் கோணிற்று. "முதலாளி, சர்க்கரைக்குப் பதிலா உப்பு விழுந்திருக்கு. நான் பார்த்துட்டேன்."

அந்த நேரத்தில் முதலாளியின் கைப்பேசி 'டிங்' என்றது. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு கடை முழுதும் கேட்கும்படி நிமிர்ந்தார்.

"நாலு. பிஸ்கட் சார் நாலு குடுத்திருக்காரு. முப்பத்தோரு வருஷ நாக்கு. இனிப்பு அளவா இருக்காம். உப்புன்னு சொல்ற நீங்கல்லாம் எந்த ஃபேக்டரில இருந்தீங்க?"

"உப்பு தெரியறதுக்கு ஃபேக்டரி எதுக்குய்யா?" என்றார் ஏழாம் மேசைக்காரர். ஆனால் குரல் இறங்கிவிட்டது. அவர் மனைவி இன்னொரு துண்டை வாயில் வைத்து, கண்ணீர் முட்டுகிற கண்ணோடு விழுங்கினாள். "இல்லங்க, கவனிச்சு சாப்பிட்டா உள்ள ஒரு இனிப்பு தெரியுது." ஒன்பதாம் மேசையில் தலைகள் மெதுவாக ஆடின. நகர்ந்த தட்டு திரும்பி வந்தது. நிபுணர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மனிதர்கள் தங்கள் சொந்த வாயைக்கூட நம்புவதில்லை.

"மத்தியானம் அந்தக் கம்பெனி மீட்டிங்குக்கு அறுபது தட்டு இருக்குல்ல? அதே மாவுல போடு" என்றார் முதலாளி, கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த சமையல்காரரிடம். அந்த மனிதரும் ருசி பார்த்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நாலு நட்சத்திரத்தையும் தன் நாக்கையும் மாறி மாறி நினைத்துப் பார்த்து, நட்சத்திரத்தின் பக்கம் சாய்ந்து உள்ளே போனார். அறுபது தட்டு போனால் அறுபதும் திரும்பி வரும். கூடவே அவருடைய வேலையும் போகும்.

பரிமாறும் அம்மாள் நான்காம் மேசைக்கு வந்தாள். "சார், நான் சொன்னா எடுபடாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பாவம், அந்த ஆளு மூணு நாளாத்தான் வர்றாரு."

"நான் எழுதியாச்சும்மா. எழுதினதை மாத்தற வழக்கம் இல்ல" என்றார் அவர். காது சிவந்துவிட்டது.

அப்போது மனைவி திரும்பி வந்தாள். ஆறிய தட்டிலிருந்து ஒரு வாய் வைத்தாள். துணியை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். கணவருடைய காலித் தட்டைப் பார்த்தாள். மூன்று காலித் தம்ளர்களைப் பார்த்தாள். தேக்கரண்டியை எடுத்துத் தட்டுக்குக் குறுக்கே, நாலு மேசைக்குக் கேட்கும்படி, ணங்கென்று வைத்தாள்.

பிஸ்கட் சார் எழுந்து நின்றார். மனைவியின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காதருகே கொண்டுபோனார். பான்கேக்கில் கேட்பதற்கு ஒன்றுமில்லை, இருந்தும் கேட்டார். பதினொரு முறை மென்றார்.

"உப்பு" என்றார். "சர்க்கரை டப்பால உப்பு கலந்திருக்கு. மாவைக் கொட்டிடுங்க. ஆளைத் திட்டாதீங்க, டப்பாக்குப் பேரு எழுதி ஒட்டுங்க."

"அப்ப உங்க தட்டு, சார்?" என்றார் முதலாளி.

"என் தட்டு வேற."

முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பார்த்தீங்களா? ஒரே மாவு, ரெண்டு தட்டு. நடுவுல இருக்கற வித்தியாசத்தைப் பிடிக்குது பாருங்க, அதுதாங்க நாக்கு." ஏழாம் மேசைக்காரர் கை தட்டினார். உள்ளே மாவு கொட்டுகிற சத்தம் கேட்டது. பரிமாறும் அம்மாள் மட்டும் கை தட்டவில்லை. அவள் மூன்று தம்ளர்களையும் அடுக்கினாள். குறுக்கே கிடந்த கரண்டியைப் பார்த்தாள். ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அது மல்லாந்தும் கவிழ்ந்தும் கிடந்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றதுபோல, அதை மட்டும் எடுக்காமலே விட்டாள். பிறகு பிஸ்கட் சாரைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிப்பில் அவசரமே இல்லை.

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது மனைவி சொன்னாள்: "இனிமே என் கரண்டி எந்தப் பக்கமும் திரும்பாது. நானும் ஒரு ஞாயித்துக்கிழமையாவது கரண்டியைக் கரண்டியா வெச்சு சாப்பிடணும்."

"அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்லிடுவா."

"சொல்லட்டுமே. நீங்க அவளைப் பத்தி ஊருக்கே சொல்லல?"

அந்த வாரம் முழுவதும் கடையின் பக்கத்தை அவர் கைப்பேசியில் திறந்து திறந்து பார்த்தார். யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா? 'பிஸ்கட் சார் என்பவருக்கு நாக்கே கிடையாது' என்று ஒரு வரி போதும். அவளிடமும் கைப்பேசி இருக்கிறது. இரண்டு கட்டை விரலும் இருக்கின்றன. வரி வரவில்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். போகாவிட்டால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுமே என்று இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை. முதலாளி நாற்காலியைத் துடைத்தார். கதவில் பழைய தாளுக்குப் பக்கத்தில் நாலு நட்சத்திரம் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. மனைவி சொன்னபடியே செய்தாள்: தனக்கு ஒரு கிண்ணம் பழம் மட்டும் வாங்கிக்கொண்டாள். பழத்தில் உப்பு பற்றிய செய்தி ஏதும் இருக்காது. அவர் ஆம்லெட் சொன்னார். பான்கேக் என்று சொல்ல வாய் வரவில்லை.

தட்டு வந்தது. ரொட்டியைக் காதருகே உடைத்தார். ஒன்பதாம் மேசை பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. ஆம்லெட்டில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். ஈரத் துணியை மெல்லுவதுபோல இருந்தது, ஏழு மாதமாக இருப்பதுபோல. ஏழு, எட்டு, ஒன்பது. மனைவி திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டினார். "எப்படி சார் இருக்கு?"

பதினொன்று ஆகிவிட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று என்று மென்றுகொண்டே இருந்தார்.

பரிமாறும் அம்மாள், உதட்டோரத்தில் ஒட்டிய முட்டைத் துணுக்கைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே தண்ணீர்க் குடுவையோடு வந்தாள். தம்ளரை நிரப்பினாள். குடுவையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, மேசையில் சிந்திய துளியைத் துடைக்கிற கையோடு, அவருடைய தேக்கரண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஏழாம் மேசைக்குப் போனாள்.

அவர் கரண்டியைப் பார்த்தார். உப்புக் குப்பியை எடுத்து மூன்று முறை தட்டினார். பிறகு, திறந்து வைத்திருந்த கைப்பேசியையும் அந்தக் கரண்டிக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்தார்.