பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்

“ஓடிப்போனாளா? யாரு சொன்னா உனக்கு? உன் தையல் மெஷினா?”

எதிர்வீட்டுத் தையல்காரியிடம் இப்படித்தான் கேட்டேன். அவள் விடுகிற ஆளா?

“என் ரெண்டு கண்ணால பாத்தேன் பெரியம்மா. உங்க மருமக பையத் தூக்கிட்டு விறுவிறுன்னு போறா. உங்க மூத்தவன் கையில வயரோட பின்னாலயே ஓடி வர்றான். அடிக்கலைன்னா வயரு எதுக்கு?”

“அவன் ஒரு கொசுவ அடிச்சு நான் பாத்ததில்ல. பொண்டாட்டிய அடிப்பானாம்ல!”

“அப்ப வயரு?”

வயருக்கு ஒரு கதை இருக்கிறது. தெருவில் எல்லோரும் அதன் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆட்டுகிறார்கள். அவள் போனதைப் பார்த்தவர்கள், அன்று சாயங்காலமே திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. வருவதில் என்ன சுவாரசியம்? ஆகவே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மருமகள் பேருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், யார் ஓட்ட வேண்டும் என்று நேரம் போடுவது அவள் வேலை. டிப்போவில் அவளுக்கு நேரக்காரி என்று பெயர். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஏற வேண்டாமா? மற்றவர்கள் போடுகிற அட்டவணையில் ஓட்டுநருக்கு வயிறும் கிடையாது, மூத்திரப் பையும் கிடையாது. இவள்தான் அதற்கும் நேரம் ஒதுக்கினாள். மேலாளரிடம் மல்லுக்கட்டித்தான் ஒதுக்கினாள். இந்தத் தையல்காரி துணி வாங்கப் போகிற வண்டிகூட இவள் போட்ட நேரத்தில்தான் வருகிறது. வண்டி தாமதமானால் திட்டுவதற்கு ஆயிரம் வாய் உண்டு. நேரத்துக்கு வந்தால் யார் போட்ட நேரம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பேரன் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனி ஒரு லேப்டாப் கொடுத்தது. அப்பளம் மாதிரி ஒல்லியான லேப்டாப். பக்கவாட்டில் ரெண்டே ரெண்டு துளை. ஒன்றில் கரண்ட் வயரைச் செருகிவிட்டால் மிச்சம் ஒன்று. அவளுக்கோ வண்டிகளைப் பார்க்க ஒரு திரை, ஆட்களைப் பார்க்க ஒரு திரை, கீபோர்டு, மவுஸ், இன்டர்நெட் வயர் எல்லாம் வேண்டும். ஒன்றைப் பிடுங்கினால்தான் இன்னொன்று. ஒற்றை அடுப்பில் கல்யாண வீட்டுக்குச் சமைக்கிற பாடுதான்.

அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் என் மகன் டாக்கிங் ஸ்டேஷன் என்று ஒன்றை வாங்கி வந்தான். செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. முதுகு முழுக்கத் துளைகள். எல்லா வயரும் பெட்டிக்குப் போகும்; பெட்டியிலிருந்து ஒரே ஒரு வயர் லேப்டாப்புக்கு வரும். அந்த ஒன்றைச் செருகினால் போதும், ரெண்டு திரையும் எரியும், எல்லாம் ஓடும், சார்ஜும் ஏறும்.

“இனிமே நீ எங்கயும் போக வேண்டாம். ஆபீஸே வீட்டுக்கு வந்தாச்சு” என்றான் பெருமையாக.

அவளும் சந்தோஷப்பட்டாள். செருப்பு அலமாரிக்குப் பக்கத்து மேசையில் பெட்டியை வைத்துத் தினமும் தூசி தட்டினாள்.

துளை இருக்கிற இடத்தில் நம் வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மகன் தன் பிரிண்டரைச் செருகினான். பேரனும் வளர்ந்து தன் விளையாட்டுக் கருவியைச் செருகினான். வேலை தேடுவதையே வேலையாக வைத்திருக்கும் என் இளையவன், வியர்க்கிறது என்று ஒரு குட்டி ஃபேனைச் செருகினான். என் செல்போனும் அங்கேதான் சார்ஜ் ஏறியது. எல்லோருக்கும் கொடுக்கிற பெட்டி எனக்கு மட்டும் இல்லையென்றா சொல்லும்? மருமகள் வேலையை முடித்து எழுந்ததும் இளையவன் அந்தப் பெரிய திரையில் பந்தாட்டம் பார்க்க உட்கார்ந்துவிடுவான். லேப்டாப் மூடியபடியே ஓரமாகக் கிடக்கும். அதன் மேல் மடித்த துணிகூட வைப்போம். நாளடைவில், எல்லாம் பெட்டிக்குள்தான் நடக்கிறது, லேப்டாப்பும் அதில் மாட்டிய இன்னொரு சாமான் என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நேரம் போடும் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு காலியாகி, மேலாளர் இவளிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே இளையவனுக்குச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். பிளக் பாயிண்ட் தேடியவன் கண்ணில் பட்டது பெட்டியின் கரண்ட் வயர். பிடுங்கினான். ரெண்டு திரை, கீபோர்டு, இன்டர்நெட், மேலாளர், எல்லாம் ஒன்றாக மறைந்தன. சட்டையின் சுருக்கம் மட்டும் நன்றாக நீங்கியது.

மேலாளர் போனில் கூப்பிட்டார். “ஏம்மா, நீங்களே பாதியில காணாமப் போனா வண்டிங்கள யார் பாத்துப்பா? பொறுப்பு வேணும்னா திங்கட்கிழமையிலருந்து டிப்போவுக்கு வாங்க. இல்லன்னா வேற ஒருத்தர் தயாரா இருக்கார்.”

அந்த வேற ஒருத்தர் யாரென்று இவளுக்குத் தெரியும். ஓட்டுநர்களின் ஓய்வு நேரத்தை வெட்டினால் தினம் இத்தனை நடை கூடும் என்று ரொம்ப நாளாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

“அவர் வந்தா மொத வேலையா அதத்தான் வெட்டுவார். நான் போகணும்” என்றாள் என் மகனிடம்.

“உனக்காகத்தான அந்தப் பெட்டிய வாங்கினேன்?”

“எனக்காகத்தான் வாங்கினீங்க. அதுல என் இடம் எதுன்னு கொஞ்சம் காட்டுங்க.”

அவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். ஒரு துளைகூடக் காலி இல்லை. ஆண்பிள்ளை அல்லவா, தோற்றதை ஒத்துக்கொள்ளாமல் வேறு பக்கம் பாய்ந்தான்.

“போறதா இருந்தா தாராளமாப் போ. ஆனா பெட்டி இந்த வாசலத் தாண்டாது.”

பிறகு சமையலறைக்கு வந்து என்னிடம் கிசுகிசுத்தான். “கவலப்படாதம்மா. பெட்டி இல்லாம அங்க போய் என்ன பண்ணுவா? ரெண்டே நாள்ல வந்து உக்காருவா.”

“ஏண்டா, அவ மூளை என்ன பெட்டிக்குள்ளயா இருக்கு?”

“கிட்டத்தட்ட அப்படித்தாம்மா.”

திங்கட்கிழமை காலை. இளையவன் எங்கோ நடக்கிற ஆட்டத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். மகன் பிரிண்டரில் ஏதோ எடுத்துக்கொண்டிருந்தான். மருமகள் குளித்து, பேரனுக்குத் தலை வாரி, கிளம்பி வந்தாள்.

“பெட்டி…” என்று ஆரம்பித்தான் மகன்.

“வீட்டிலேயே இருக்கட்டும்” என்றாள். லேப்டாப் மேலிருந்த துணியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். அந்த ஒரே ஒரு வயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பைப் பையில் போட்டாள். “வரேன் அத்தை” என்றாள்.

திரை இருண்டது. பிரிண்டர் பாதித் தாளோடு நின்றது.

“அண்ணா! பெட்டி செத்துப்போச்சு!” என்று அலறினான் இளையவன்.

“விளக்கு எரியுதேடா!” என்றான் மூத்தவன். பெட்டியின் தலையில் தட்டினான். என் செல்போன் மட்டும் சமர்த்தாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அவன் கீழே தொங்கிய வயரை எடுத்து, நுனியைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். துணி மடித்து வைத்திருந்த இடம் காலியாக இருந்தது. மறுமுனையையும் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

“ஏய், நில்லு! இத எதுல செருகறது?”

அவள் தெருமுனையில் நின்று, தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டினாள். “இதுலதாங்க!”

அந்த நேரம் வண்டி வந்தது. அவள் போட்ட நேரத்துக்கே வந்தது. ஓட்டுநர் ஒரு வணக்கம் போட்டுக் கதவைத் திறந்தார். அவள் ஏறிப் போனாள். இவன் வயரோடு நின்றான். எதிர்வீட்டு ஜன்னலில் தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது.