கொதிதண்ணி வாய்க்கால்

என் தங்கச்சி பன்னிரண்டு வருஷமா சாயப்பட்டறையில வாய்க்கால் கழுவுறா. துணிக்குச் சாயம் ஏறி முடிஞ்சதும் தொட்டித் தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க அதுலதான் திறந்து விடுவாங்க. பூட்ஸுக்குள்ளயும் புகுந்துடும். அவ காலைப் பார்த்தா உங்களுக்குச் சோறு இறங்காது. அதே பட்டறையில பாய்லருக்கு விறகு போடுறவன் நான். பக்கத்துலயே இருந்து என்னத்தைக் கிழிச்சேன்? ஒண்ணுமில்ல.

போன மாசம் இன்ஜினியர் ஒரு புது மெஷின் மாட்டினார். அதுக்குள்ள இருக்குற தகட்டுக்கு அந்தப் பக்கம் கழிவுத் தண்ணி ஓடும், இந்தப் பக்கம் பாய்லருக்கு வர்ற பச்சைத் தண்ணி. அதோட சூடு இதுக்கு ஏறிடும், விறகு மிச்சம். விறகு மிச்சம்னா ஆளும் மிச்சம்தானேன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. மூணாம் நாளே நூல் பிசிறு அடைச்சு மெஷின் நின்னப்போ உள்ளுக்குள்ள சிரிச்சேன். வெக்கக்கேடுதான், ஆனா நிஜம்.

இன்ஜினியர் தொட்டி வாயிலயே வலை கட்டிப் பார்த்தார். திரும்பவும் அடைச்சுது. முதலாளி கறாரா சொல்லிட்டார்: சனிக்கிழமைக்குள்ள இன்னொரு தடவை நின்னா கழட்டிடு, தண்ணி பழையபடி கொதிக்கக் கொதிக்கவே வாய்க்கால்ல போகட்டும்.

அன்னிக்குத் தங்கச்சி என்னைத் தேடி வந்தா. தொட்டி வாயில பாயுற வேகத்துக்குப் பிசிறு வலைக்குள்ள நுழைஞ்சு போயிடுமாம். வாய்க்கால் வளையுற இடத்துல தண்ணி நிதானமாகும், தினமும் அவ பிசிறை அள்ளுறது அங்கதானாம். அதே மாதிரி மெஷினுக்கு முன்னாடி ஒரு டிரம் வச்சு, தண்ணியைத் தேக்கி, அதுல வலை போடணுமாம். நான் இன்ஜினியர்கிட்ட சொல்லணுமாம். என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடப் பார்க்குறியான்னு எரிஞ்சு விழுந்தேன்.

அவ சண்டைக்கு வரல. பூட்ஸைக் கழட்டிக்கிட்டே சொன்னா: "உனக்கு வேலை போனா வேற வேலை தேடலாம்ணே. என் கால் போனா நான் எங்க போய்த் தேடுறது?"

மறுநாள் காலையில இன்ஜினியர் முன்னாடி போய் நின்னேன். யோசனை யாரோடதுன்னும் சொன்னேன். பழைய டிரம்மை நானே வெட்டிப் பொருத்தினேன். சனிக்கிழமை மெஷினைப் பிரிச்சுப் பார்த்தாங்க. தகட்டுல ஒரு பிசிறு இல்ல. முதலாளி "இருக்கட்டும்"னு மட்டும் சொன்னார். ஷிப்டுக்கு ஒரு தடவை வலையை அலச ஆள் வேணும்னு அந்த வேலையும் என் தலையிலதான் விழுந்துச்சு. இப்போதைக்கு யாரும் என்னைப் போகச் சொல்லல.

திங்கக்கிழமை சூடு இறங்கின தண்ணியை வாய்க்கால்ல திறந்து விட்டாங்க. தங்கச்சி பழக்கதோஷத்துல எகிறிக் கரை மேல ஏறிட்டா. அப்புறம் நினைப்பு வந்து மெல்ல இறங்கினா. தண்ணி பூட்ஸுக்குள்ள புகுந்துச்சு. அவ நகரவே இல்ல.