கறுப்புத் துணிக்குச் சரிகைக் கரை

மைக்ரோவேவ் அலைகளை விழுங்கும் தகடு செய்வது என் வேலை. அதற்கான கார்பன் நூலை அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கும் மாமாவிடம் கொடுத்து, வெறும் கறுப்பாக நெய்யச் சொன்னேன். வந்த துணியின் இரண்டு ஓரத்திலும் சரிகை மின்னியது.

"கரையில்லாம எப்படிப்பா துணி எறக்கறது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரிகையில் இருக்கும் உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கத்திவிட்டு, மறுநாள் திருத்தணியில் ரயிலேறினேன்.

ஆய்வுக்கூடத்தில் துணியைப் பிசினில் தோய்த்துத் தகடாக்கிச் சோதித்தோம். கறுப்புப் பகுதி பாதி அலையைத்தான் விழுங்கியது. மீதி ஊடுருவிப் பின்னால் போய்விட்டது. பின்னால் சரிகை இருந்தால், தப்பிய அலை திரும்பி வந்து கார்பனிலேயே மாட்டிக்கொள்ளுமே!

மாமாவுக்குப் போன் செய்து, சரிகை வேண்டும் என்றேன்.

"சரிகை வாணாம்னு கத்தினியே, இப்ப எவ்ளோ வேணும்?"

"இன்னொரு துணி நெய்ங்க மாமா, பூரா சரிகையில."